பெடாஸ் வெந்நீர் ஊற்று: ஒருநாள் பயணம்

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பானைக் கடந்து மலாக்காவை நோக்கிச் செல்வோர் ‘பெடாஸ் – லிங்கி’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். மலாய்மொழியில் ‘பெடாஸ்’ என்றால் காரம் என்று பொருள். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவ் மாவட்டத்தில் அமைந்துள்ள இச்சிற்றூரில் நாவைச் சுடும் உணவைவிட உடலைச் சுடும் நீரே புகழ்பெற்றது. இங்கு மண்ணுக்கடியிலிருந்து இயற்கையாகவே வெந்நீர் ஊறி வருகிறது.

ரெம்பாவ், லிங்கி, ரந்தாவ், போர்ட்டிக்சன் ஆகிய வட்டாரங்கள் ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாக விளங்கின. இன்று அவற்றில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டது. இத்தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துள்ளன. எந்த நிரையில் எத்தனை மரம், எந்த மரத்தில் பால் அதிகம் என்பதை நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் நடந்த மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. வெந்நீர் எவ்வாறு உருவாகிறது, அதைக் காண ஒருநாள் பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம், அதில் இறங்குவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர்

வெந்நீர் ஊற்று என்றவுடன் பலருக்கும் எரிமலையே நினைவுக்கு வருகிறது. ஆனால், தீபகற்ப மலேசியாவில் உயிர்ப்புள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் இங்கு 60க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. பேராக் மாநிலத்தின் சுங்கை கிளா, சிலாங்கூரின் செலாயாங், மலாக்காவின் காடேக், பெம்பான் ஆகியவை அவற்றுள் சில. கோலாலம்பூரின் செத்தாபாக் பகுதியில் ‘ஆயர் பானாஸ்’ என்றே ஒரு சாலை உண்டு. ‘ஆயர் பானாஸ்’ என்பது வெந்நீரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகும்.

இவ்வெந்நீரின் பிறப்பிடம் மழை. மலைமேல் பெய்யும் மழையின் ஒரு பகுதி ஓடையாகி ஆற்றில் கலக்கிறது. மற்றொரு பகுதி மண்ணில் இறங்கி, பாறைகளிலுள்ள வெடிப்புகளின் வழியாக மெல்ல மெல்லக் கீழே செல்கிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பாக விளங்கும் தித்திவங்சா மலைத்தொடரும் அதன் தென்பகுதிக் குன்றுகளும் பெரும்பாலும் கருங்கல் பாறைகளால் ஆனவை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமிக்கடியில் உருகிய நிலையிலிருந்த பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியதால் உருவானவை இவை. கருங்கல் மிகவும் கெட்டியானது; அதன் உடலுக்குள் நீர் எளிதில் புகாது. ஆயினும், நிலம் அசைந்தபோது ஏற்பட்ட பிளவுகள் நீருக்கு வழிவிடுகின்றன.

பூமிக்குள் ஆழமாகச் செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்திற்கும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை உயரும். நம் நாட்டில் தரைமட்டத்து மண்ணின் வெப்பநிலையை ஏறக்குறைய 27 பாகை எனக் கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தை எட்டும் நீர் அங்கு 77 முதல் 87 பாகை வரையிலான வெப்பத்தைச் சந்திக்கிறது. கருங்கல்லில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களின் கதிரியக்கச் சிதைவும் இவ்வெப்பத்திற்குத் துணைசெய்கிறது. ஆழத்திலுள்ள பாறையே அடுப்பு. அதன்மேல் இறங்கும் மழைநீரே உலைநீர்.

சூடேறிய நீர் விரிவடைந்து எடை குறைகிறது. மலையிலிருந்து தொடர்ந்து இறங்கும் குளிர்ந்த நீரும் அதைப் பின்னாலிருந்து அழுத்துகிறது. இவ்விரண்டின் விளைவாக, நிலப்பிளவு அகலமாக உள்ள இடத்தில் வெந்நீர் விரைந்து மேலேறுகிறது. வரும் வழியில் மேல்மண்ணின் குளிர்ந்த நீருடன் அதிகமாகக் கலந்தால் வெதுவெதுப்பாக வெளிப்படும். குறைவாகக் கலந்தால் கைவைக்க முடியாத சூட்டில் கொப்பளிக்கும். ஓர் ஊற்றில் முட்டை அவிக்க முடிவதற்கும் மற்றோர் ஊற்றில் குழந்தைகள் கால் நனைக்க முடிவதற்கும் இதுவே முக்கியக் காரணமாகும்.

இப்பயணத்திற்கு நெடுங்காலம் ஆகிறது. மழைத்துளி ஒன்று மலையில் இறங்கி, ஆழத்தில் சூடேறி, மீண்டும் வெளிவரப் பல ஆண்டுகள் ஆகலாம். சில இடங்களில் நூற்றாண்டுகளும் கடந்துவிடும். இன்று நம் காலை நனைக்கும் வெந்நீர், இந்த வட்டாரத்தில் முதல் பால்மரக் கன்று நடப்படுவதற்கு முன்பே பெய்த மழையாகவும் இருக்கலாம்.

நம்மவர் அறிந்த வெந்நீர்

தமிழர் வாழ்வில் வெந்நீர் ஊற்று புதியதன்று. இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா என்னும் ஊரில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறுபடும். இலங்கை வேந்தன் இராவணன் தன் தாயின் இறுதிக் கடனை நிறைவேற்ற நிலத்தைக் குத்தியதால் அவை தோன்றின என்பது அங்கு வழங்கும் கதை. அதனால், இறந்தவர்களுக்குரிய சடங்குகளைச் செய்ய இன்றும் மக்கள் அங்குச் செல்கின்றனர். இலங்கையிலும் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. பழமையான பாறைகளின் வெடிப்புகளில் ஆழ இறங்கிச் சூடேறிய நீரே அங்கும் மேலே வருகிறது. நிலத்தைக் குத்தியதாகக் கதை சொல்லும் இடத்தில் அறிவியல் ஒரு நிலப்பிளவைக் காண்கிறது.

ஹக்கோனே காட்டும் பாடம்

எரிமலையால் சூடேறும் ஊற்றுகளைக் காண விரும்புவோர் ஜப்பானுக்குச் செல்கின்றனர். அந்நாட்டில் 27,000க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அவற்றை ஜப்பானியர் ‘ஓன்சென்’ என்பர். தோக்கியோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள ஹக்கோனே மலைப்பகுதி, ஒரே நாளில் சுற்றிப் பார்க்கத்தக்க ஓன்சென் வட்டாரமாகும்.

பயணிகள் ஒடவாரா நகரிலிருந்து மலையடிவாரத்து ஹக்கோனே–யுமோட்டோவை அடைந்து, அங்கிருந்து மலை இரயிலில் ஏறுகின்றனர். 1919ஆம் ஆண்டு முதல் ஓடும் இவ்விரயில், ஆயிரம் மீட்டருக்கு 80 மீட்டர் என்னும் அளவில் செங்குத்தாக ஏறுகிறது. வழியில் மூன்று இடங்களில் முன்னும் பின்னுமாகத் திசைமாறி, சரிவில் வளைந்து வளைந்து உயர்கிறது. பின்னர் கேபிள் காரில் அமர்ந்து ‘ஓவாக்குடானி’ என்னும் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது, கீழே பாறைகளின் இடுக்கிலிருந்து கந்தக நெடியுடன் நீராவி பீறிடுவதைக் காணலாம். இந்த நீரில் அவிக்கப்படும் முட்டைகளின் ஓடு கறுத்துவிடுகிறது. நீரிலுள்ள இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஓட்டின்மேல் படிவதே இதற்குக் காரணம். ஒரு முட்டை உண்டால் ஏழு ஆண்டு ஆயுள் கூடும் என்று அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதன்பின் ஆஷி ஏரியில் கப்பல் பயணம். மாலையில் வெந்நீர்க் குளியல். இரவில் தோக்கியோ திரும்புதல். இவ்வாறு ஒருநாள் நிறைவுபெறுகிறது.

இந்த அழகுக்குப் பின்னால் கடுமையான ஒழுங்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் ஓவாக்குடானியில் எரிமலைச் செயற்பாடு அதிகரித்தபோது அப்பகுதி மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் சிறிய வெடிப்பும் நிகழ்ந்தது. மக்கள் முன்னரே விலக்கப்பட்டிருந்தனர். மேலும், எந்த நீரை ‘ஓன்சென்’ எனலாம் என்பதற்கு 1948ஆம் ஆண்டிலேயே அந்நாடு சட்டம் இயற்றியது. அச்சட்டப்படி, நிலத்திலிருந்து வெளிப்படும்போது நீர் 25 பாகையேனும் இருக்க வேண்டும். இல்லையேல், வரையறுக்கப்பட்ட தாதுப்பொருள்களுள் ஒன்றாவது உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். குளத்தில் இறங்குமுன் சோப்பிட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும் என்பது அங்கு எழுதப்படாத கட்டளை. பொதுக்குளம் உடலை ஊறவைப்பதற்கு மட்டுமே; அழுக்கைக் கழுவும் இடம் வேறு. தலைத்துண்டைக்கூட நீரில் நனைக்கமாட்டார்கள்.

ரெம்பாவில் ஒருநாள்

ஹக்கோனே செல்லப் பெரும்பொருள் வேண்டும். நம் மாநிலத்திலேயே மலை, வரலாறு, வெந்நீர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காண ரெம்பாவ் மாவட்டம் போதுமானது. முன்பெல்லாம் தோட்ட மக்கள் விடுமுறை நாளில் பேருந்தை வாடகைக்கு எடுத்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் செல்வது வழக்கம். அதே கட்டுச்சோற்றோடு இப்பயணத்தையும் மேற்கொள்ளலாம். சிரம்பானிலிருந்து தம்பின் செல்லும் கொமுட்டர் இரயில் ரெம்பாவில் நிற்கும். அங்கிருந்து மற்ற இடங்களுக்குச் செல்ல வாகனம் தேவைப்படும்.

காலையில் குனோங் டத்தோ மலையில் ஏறலாம். இதன் உயரம் ஏறத்தாழ 885 மீட்டர். தொடக்கத்திலேயே பாதை செங்குத்தாக இருக்கும். மரவேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் பல உண்டு. உச்சியில் வீடளவு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றின்மேல் ஏற இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டுள்ளன. அப்பாறையில் கைவைத்துப் பாருங்கள். மழை இறங்குவதற்கு வெடிப்புவிட்டு நிற்கும் கருங்கல் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாலேயே காணலாம். பாறையைச் சுற்றி அடர்ந்துள்ள காட்டின் தரையில் உதிர்ந்த இலைகள் மெத்தையாகக் கிடக்கின்றன. அவை மழைநீரை ஓடவிடாமல் தடுத்து மண்ணுக்குள் அனுப்புகின்றன. மழைக்காலத்தில் பாதை வழுக்கும் என்பதால், வானிலையை அறிந்த பின்னரே புறப்பட வேண்டும். மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றி ஏறக் கூடாது.

நண்பகலில் கம்போங் அஸ்தானா ராஜா என்னும் சிற்றூருக்குச் செல்லலாம். நெகிரி செம்பிலானின் முதல் யாங் டி பெர்துவான் பெசாராகிய ராஜா மெலேவார் 1773ஆம் ஆண்டில் ரெம்பாவ் வட்டாரத்தின் பெனாஜிஸ் என்னுமிடத்தில் அரியணை ஏறினார். அவருடைய அரண்மனையின் மாதிரி வடிவம் அஸ்தானா ராஜாவில் மரத்தால் கட்டப்பட்டு அருங்காட்சியகமாக விளங்குகிறது. இரு முனைகளிலும் எருமைக் கொம்புபோல் வளைந்து உயரும் கூரை, சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்களின் கட்டடக் கலையைக் காட்டுகிறது. குடும்ப நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் ‘அடாட் பெர்பாத்தே’ மரபு இம்மாநிலத்தில் இன்றும் வழக்கில் உள்ளது.

வெயில் தணிந்தபின் பெடாஸ் சென்றால், மலையேறிய கால்களுக்கு வெந்நீர் இதமாக இருக்கும். இங்கு ஊறும் வெந்நீரைக் கொண்டு குளங்களும் நீர்விளையாட்டுப் பூங்காவும் அமைக்கப்பட்டன. செல்லுமுன் திறப்பு நேரத்தையும் கட்டணத்தையும் கேட்டறிவது நல்லது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே

இப்பழமொழி வெந்நீர் ஊற்றுக்குப் பெரிதும் பொருந்தும். இங்கு ஆழத்தோடு சூட்டையும் அறிந்த பின்னரே காலை விட வேண்டும். குளிப்பதற்கு ஏற்ற வெப்பநிலை 40 பாகை அளவாகும். 60 பாகைச் சூட்டிலுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். ஊற்று பீறிடும் இடமும் குளிக்கும் குளமும் ஒன்றாக இரா. ஆகையால், வேலியிட்ட பகுதிக்குள் நுழையக் கூடாது. குளத்தில் இறங்குமுன் பெரியவர் ஒருவர் கையால் சூட்டைப் பார்த்த பின்னரே குழந்தைகளை இறக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் மூட்டு தேய்ந்த நம் தாத்தா பாட்டியர், வலி தீரும் என்ற நம்பிக்கையோடு வெந்நீரில் காலை வைக்கின்றனர். நீண்டநாள் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவருக்குச் சூடு உறைக்காது. தோல் வெந்து கொப்புளம் எழுந்த பின்னரே அவருக்குத் தெரியும். அந்தப் புண் ஆற நாளாகும். சிலருக்குக் காலையே இழக்கும் நிலையும் வரலாம். எனவே, பாட்டி காலை நனைக்குமுன் பேரப்பிள்ளை தன் கையால் சூட்டைப் பார்க்க வேண்டும். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே வெந்நீரில் இறங்க வேண்டும்.

எவராயினும் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஊறுவது நல்லதன்று. வியர்வையால் உடல் நீரை இழந்து மயக்கம் வரலாம். போதிய தண்ணீர் குடிப்பதும் எழும்போது மெதுவாக எழுவதும் அவசியம். தலையை நீருக்குள் முக்கக் கூடாது. வெதுவெதுப்பான இயற்கை நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியாக மூளையை அடைந்தால் உயிர் பிழைப்பது அரிது. இந்நோய் மிக அரிதாகவே ஏற்படுகிறது. ஆயினும், மூக்கில் நீர் புகாமல் பார்த்துக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை.

வெந்நீர் மருந்தாகுமா?

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கும் வழக்கமுடைய நமக்கு, சுடுநீர் உடல் அசதியைப் போக்கும் என்பதைச் சொல்லித் தரத் தேவையில்லை. சூடு பட்டதும் இரத்த நாளங்கள் விரிகின்றன. இறுகிய தசைகள் தளர்கின்றன. மூட்டுவலி சற்று நேரம் குறைகிறது. இந்தப் பயன் உண்மையானது. ஆனால், சொறி, சிரங்கு முதல் வாதம் வரை எல்லா நோயும் ஊற்று நீரால் தீரும் என்னும் பேச்சை அப்படியே நம்பிவிட முடியாது. பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா, சோடியம் போன்ற பொருள்கள் இந்நீரில் இருக்கலாம். அவை உள்ளன என்பதாலேயே நீர் மருந்தாகிவிடாது. திறந்த புண்ணோடு பொதுக்குளத்தில் இறங்கினால் புண் மோசமாகலாம். பிறருக்கும் நோய் தொற்றலாம். ஊற்று நீரைப் புட்டியில் பிடித்துக் குடிப்பதும் தவறு. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊற்றை நம்புவது அதைவிடப் பெரிய தவறு.

மலையைக் காத்தால் ஊற்று நிலைக்கும்

வெந்நீர் ஊற்றுக்கு மூன்று தேவைகள் உள்ளன: நீர், வெப்பம், வழி. வெப்பம் ஆழத்தில் இருக்கிறது. அதை நம்மால் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மற்ற இரண்டும் மனிதரின் செயலால் பாதிக்கப்படக்கூடியவை. மலைக்காட்டை அழித்தால் மழைநீர் மண்ணில் இறங்காமல் சரிவில் ஓடிவிடும்; ஊற்றுக்குச் சேர வேண்டிய நீர் குறையும். ஊற்றின் அருகில் அளவின்றி ஆழ்துளைக் கிணறு தோண்டி நீரை உறிஞ்சினால், அழுத்தம் குறைந்து ஊற்று தணியலாம். நீர் வெளிவரும் வாயைச் சிமெண்டால் மூடிக் கட்டடம் எழுப்பினால், அந்நீர் வேறு பக்கம் திரும்பிவிடக்கூடும்.

இத்தகைய தீங்கின் முழு விளைவு உடனே தெரிவதில்லை. மலையில் இன்று இறங்காத மழைநீர், பல ஆண்டுகளுக்குப் பின் ஊற்றில் குறையாக வெளிப்படும். அப்போது காரணத்தைத் தேடிப் பயனில்லை. எனவே, மலைச்சரிவில் மரம் நிற்க வேண்டும் என்பதை ஊற்றைச் சுற்றிப் பார்க்க வரும் ஒவ்வொருவரும் உணர வேண்டும். நெகிழிப் பைகளையும் சோப்பு நுரையையும் ஊற்றில் விட்டுச்செல்லாமல் இருப்பது இதன் முதற்படி. தம் வட்டாரத்திலுள்ள ஊற்றின் இடம், சூடு, நீரின் நிறம், மணம் ஆகியவற்றைப் பள்ளியின் அறிவியல் கழகம் ஆசிரியர் துணையோடு ஆண்டுதோறும் குறித்து வைப்பது அடுத்த படி. பத்து ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால், ஊற்றில் ஏற்படும் மாற்றத்தை ஊரார் முன்னதாகவே கண்டறிய முடியும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, பல குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பிறந்த தோட்டத்தின் பெயரை மட்டும் அறிந்த பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அவர்களை அழைத்துக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் ரெம்பாவுக்கு ஒருநாள் சென்று வரலாம். பால்மரம் நின்ற நிரைகளைப் பெரியவர்கள் காட்டலாம். மலையில் இறங்கும் மழை வெந்நீராகத் திரும்பி வரும் விதத்தைப் பிள்ளைகள் விளக்கலாம். இன்று அம்மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு, இன்னும் பிறவாத ஒரு தலைமுறையின் காலை நனைக்கப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது தடையின்றிச் சென்று சேர்வதற்கு மலையின் மேல் காடு இருக்க வேண்டும்.